கடை மூடியிருக்க வாடகை ஓடலாமா?

சென்ற வாரம் வகுப்பு முடிந்ததும் மாணவி ஒருத்தி சில தாள்களை என்னிடம் நீட்டினாள். பதுளைக் கடைவீதியில் அவள் தந்தை ஐந்தாண்டுக் குத்தகைக்கு எடுக்கவிருக்கும் கடையின் ஒப்பந்த நகல் அது. "சேர், இந்தப் பன்னிரண்டாம் பிரிவு அப்பாவுக்கு விளங்கவில்லை" என்றாள். நான் சட்டத்தரணி அல்லேன். எனினும் படித்துப் பார்த்தேன்.

இயற்கை அனர்த்தம், அரசாணை முதலியவற்றால் கடமையாற்ற இயலாத தரப்பினர் அதற்குப் பொறுப்பாளியாகார் என்றது முதல் வாக்கியம். வாடகை செலுத்தும் கடமை இதனுள் அடங்காது என்றது அடுத்த வாக்கியம். ஒரு கை கொடுத்ததை மறு கை பறித்துவிட்டது!

இத்தகைய பிரிவைப் 'போர்ஸ் மஜூர்' என்பர். மேலான வலிமை என்பது அப்பிரெஞ்சுச் சொல்லின் பொருள். மனித யத்தனத்துக்கு மேற்பட்ட இடரை யார் தாங்குவது என்பதே இதிலுள்ள வினா.

உலகம் இதற்கு இருவகை விடை கண்டது. இங்கிலாந்தில் 1647ஆம் ஆண்டு வழக்கொன்றில், ரூபர்ட் இளவரசனின் படை தன்னை நிலத்தினின்று துரத்தியதெனக் குத்தகையாளர் முறையிட்டார். அவ்வாறாயினும் வாடகை செலுத்தியே ஆகவேண்டுமென்றது மன்றம். நம் நாட்டுக் குத்தகைச் சட்டத்துக்கு அடிப்படையான உரோமன்-டச்சு மரபோ, பேரிடரால் பயன்பாட்டை இழந்தவருக்கு வாடகைக் கழிவு வழங்க இடமளிக்கிறது. ஆயினும் ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதிக் கையொப்பமிட்டால், அவ்வெழுத்தே முன்னிற்கும்.

இஃது ஏட்டுச் சட்டமன்று. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து, மக்களையும் லயன்களையும் மண் மூடியது. 2020 மார்ச் 20இல் நாடெங்கும் ஊரடங்குச் சட்டம் பிறந்தது. கட்டடங்களுக்குச் சேதமில்லை, கதவுகளே திறக்கவில்லை. முன்னையது அழிவு, பின்னையது முடக்கம். இரண்டுக்கும் தனித்தனியே விடை எழுதப்படல் வேண்டும்.

ஆகவே நான்கு வினாக்களை அவளுக்குக் குறித்துக் கொடுத்தேன். எவ்வெவ் இடர்கள் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டுள்ளன? அக்காலத்தில் வாடகை நிற்குமா, குறையுமா? எத்தனை நாளுக்குள் எழுத்தில் அறிவித்தல் வேண்டும்? எத்தனை மாதம் நீடித்தால் குத்தகையை முடித்து முற்பணத்தைத் திரும்பப் பெறலாம்? ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டுமென்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். அங்கே அமர்ந்திருக்கும்போதே இவற்றைக் கேட்டுவிடலாம்.

அந்த இரண்டாம் வாக்கியத்தை மாற்றித் தரக் கேட்பதெனத் தந்தை துணிந்துவிட்டாராம். உரிமையாளர் இணங்குவாரோ, யானறியேன். ஆனால் கேட்கவேண்டிய காலம் கையொப்பத்துக்கு முன்னரே. மலை சரிந்த பின்னர் அன்று.