எல்லை தாண்ட விமானமா, ரயிலா?



பள்ளித் தேர்வுகள் முடியும் காலம் வந்துவிட்டால், நம் அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் பாதி ஊர்சுற்றக் கிளம்புகிறவர்கள் எழுதியதாக இருக்கும். இந்த முறை ஒரே கேள்வி பல கையெழுத்துகளில் வந்திருக்கிறது. 'சிங்கப்பூரில் இறங்கி, மலேசியா பார்த்துவிட்டு, பாங்காக்கிலிருந்து ஊர் திரும்புகிறோம். நடுவில் விமானத்தில் போவதா, பஸ்ஸிலும் ரயிலிலுமே போய்விடலாமா? எது மிச்சம்?' சிலர் லாவோஸ், கம்போடியா, வியட்நாம் என்று பட்டியலை நீட்டியிருக்கிறார்கள். மதுரை வாசகி ஒருவர் கடைசி வரியில், 'மாமியாரும் வருகிறார், அவருக்கு முட்டிவலி உண்டு' என்று சேர்த்திருக்கிறார். வந்த கடிதங்களிலேயே பதில் சொல்ல உதவும் வரி அதுதான்.

முதல் தாண்டலில் நமக்குத் தேர்வே கிடையாது. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'எம்.வி. சிதம்பரம்' கப்பல் 1985இல் தீவிபத்துக்கு உள்ளானதோடு அந்தக் கடல்வழி முடிந்துபோனது. நிலவழி என்று பார்த்தால் மணிப்பூரின் மோரே எல்லை. அங்கே தமிழர்கள் இருக்கிறார்கள், அங்காள பரமேஸ்வரிக்குக் கோயிலும் இருக்கிறது. 1962க்குப் பிறகு பர்மாவிலிருந்து (இன்றைய மியன்மர்) வெளியேற நேர்ந்தவர்களில் சிலர், திரும்பவும் பர்மாவுக்கே போய்விடலாம் என்று எல்லை வரை போய், உள்ளே விடாததால் மோரேயிலேயே குடியேறினார்கள். மோரேயிலிருந்து தாய்லாந்தின் மே சோட் வரை சுமார் 1,360 கி.மீ. நீளத்துக்கு ஒரு முத்தரப்பு நெடுஞ்சாலை போடுவதாக இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பேசிவருகிறார்கள். 2021 ராணுவப் புரட்சிக்குப் பின் மியன்மர் இருக்கும் நிலையில், சுற்றுலாப் பயணி நம்பிப் போகக்கூடிய சாலை அல்ல அது. ஆக, முதலில் பறந்தாக வேண்டும். அங்கே இறங்கிய பிறகுதான் கேள்வியே பிறக்கிறது.

என் பதில் இதுதான்: மொத்தப் பயணத்துக்கும் சேர்த்து விமானமா தரைவழியா என்று முடிவெடுக்காதீர்கள். எல்லைக்கு எல்லை தனித்தனியாக முடிவெடுங்கள். அந்தப் பக்கத்தில் ஒவ்வொரு எல்லைக்கும் ஒரு குணம் உண்டு.

சிங்கப்பூர் - கோலாலம்பூரை எடுத்துக்கொள்ளுங்கள். விமானம் பறப்பது ஒரு மணி நேரம்தான். ஆனால் ஹோட்டலிலிருந்து சாங்கி விமான நிலையம் போய், இரண்டு மணி நேரம் முன்னதாக நின்று, கோலாலம்பூரில் இறங்கி, பெட்டிக்குக் காத்திருந்து, விமான நிலையத்திலிருந்து நகருக்கு வேக ரயில் பிடித்தால் அதில் மட்டும் அரை மணி. கூட்டிப் பாருங்கள், ஐந்து மணி நேரம் ஆகிவிடும். பஸ்ஸும் அதே ஐந்து, ஆறு மணி நேரம்தான். மலிவு விமானத்தில் கையோடு எடுத்துப்போக வழக்கமாக 7 கிலோதான் அனுமதி. பெட்டிக்குத் தனிக் காசு, இருக்கை தேர்ந்தெடுக்கத் தனிக் காசு. முதலில் கண்ணில் பட்ட விலையைக் கடைசியில் கட்டியவர்கள் குறைவு.

அதற்காகப் பஸ்தான் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமாட்டேன். சிங்கப்பூரையும் மலேசியாவையும் இணைக்கும் ஜொகூர் பாலம் உலகிலேயே மிக நெரிசலான தரை எல்லைகளில் ஒன்று. ஒரு நாளில் மூன்று லட்சத்துக்கு மேல் ஆட்கள் கடக்கிறார்கள். சிங்கப்பூர்ப் பக்கம் பஸ்ஸைவிட்டு இறங்க வேண்டும், சோதனைக்குப் பின் திரும்ப ஏற வேண்டும், பாலம் தாண்டியதும் மறுபடி இறங்க வேண்டும். பெட்டியையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். மாடிப்படி, நகரும் படி, நீண்ட நடை எல்லாம் உண்டு. நகர பஸ்ஸாக இருந்தால் நமக்காக நிற்காது. டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்து அதே கம்பெனியின் அடுத்த வண்டியில் ஏறிக்கொள்ள வேண்டும். 2025 முதல் ஜொகூரிலும் வார விடுமுறை சனி, ஞாயிறுக்கு மாறிவிட்டதால் இரண்டு பக்கத்துக் கூட்டமும் ஒரே நேரத்தில் சாலைக்கு வருகிறது. வெள்ளி மாலையிலும் ஞாயிறு மாலையிலும் அந்தப் பக்கம் போகவே போகாதீர்கள். மதுரை மாமியாருக்கு நான் சொல்வது, வாரநாளில் காலை பத்து மணிக்கு மேல் பாலம் தாண்டுங்கள், இல்லையென்றால் பறந்துவிடுங்கள்.

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸிலிருந்து பாலத்துக்கு அப்பால் ஜொகூர் பாரு சென்ட்ரலுக்கு ஒரு ரயிலும் ஓடுகிறது. பயணம் ஐந்தே நிமிடம். டிக்கெட்தான் சீக்கிரம் தீர்ந்துவிடும். இதற்குப் பதிலாக வரும் புதிய விரைவு ரயில் பாதையை 2026 கடைசிக்குள் ஓடவிடுவது இரு அரசுகளின் இலக்கு. 2011 ஜூன் 30 வரை மலேசிய ரயில் சிங்கப்பூரின் நடுப்பகுதியான தஞ்சோங் பகார் வரைக்கும் வந்துகொண்டிருந்தது. அன்றிரவு கடைசி வண்டியை ஓட்டிப் போனவர் ஜொகூர் சுல்தானேதான். இன்னொரு வேடிக்கை: சிங்கப்பூர்க் கார் எல்லை தாண்ட வேண்டுமானால் டாங்கில் முக்கால் பங்காவது பெட்ரோல் இருக்க வேண்டும். இல்லையென்றால் அபராதம். அந்தப் பக்கம் பெட்ரோல் மலிவு, அதனால் காலி டாங்கோடு போய் நிரப்பிவரக் கூடாது என்று போட்ட சட்டம்!

இனி நான் மனதார ஆதரிக்கும் எல்லைக்கு வருகிறேன். பாடாங் பெசார்.

கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து மின்சார ரயிலில் ஐந்தரை மணி நேரம் வடக்கே போனால் மலேசியாவின் கடைசி நிலையம். ஒரே கட்டடத்துக்குள் மலேசிய கவுன்ட்டரும் தாய்லாந்து கவுன்ட்டரும் இருக்கின்றன. இங்கே ஒரு முத்திரை, சில அடி நடந்தால் அங்கே ஒரு முத்திரை. அவ்வளவுதான், நாடு மாறிவிட்டது. கைக்கடிகாரத்தை மட்டும் ஒரு மணி நேரம் பின்னால் தள்ள வேண்டும். இதை மறந்து தாய்லாந்து நேரத்தில் அச்சிட்ட டிக்கெட்டை மலேசிய நேரமாக நினைத்தால் பரவாயில்லை, ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்போம். தெற்கு நோக்கி வரும்போதுதான் வண்டி கைவிட்டுப் போகும்.

மாலையில் அங்கிருந்து பாங்காக் வண்டி கிளம்புகிறது. புறப்படும்போது வழக்கமாக இரண்டே பெட்டிகள். ஹாட்யாய் போனதும்தான் மற்ற பெட்டிகளைக் கோக்கிறார்கள். பெட்டிகள் குறைவு என்பதால் முன்பதிவு முக்கியம். நம் ஊர் ரயிலில் படுக்கை பெரும்பாலும் குறுக்காக இருக்கும். அங்கே இரண்டாம் வகுப்பில் வண்டியின் நீளவாக்கில், நடைபாதைக்கு இரண்டு பக்கமும் அமைந்திருக்கிறது. இருட்டியதும் பணியாளர் வருவார். எதிரெதிர் இருக்கைகள் இரண்டையும் இழுத்துச் சேர்ப்பார், மேலே மூடியிருக்கும் படுக்கையைக் கீழிறக்குவார், மெத்தையைப் போட்டு, வெள்ளை விரிப்பை ஒரு சுருக்கம் இல்லாமல் இழுத்துச் செருகி, தலையணைக்கு உறை மாட்டி, திரையையும் தொங்கவிட்டுவிட்டு அடுத்த இருக்கைக்குப் போய்விடுவார். எல்லாம் ஓரிரு நிமிடத்தில். கீழ்ப் படுக்கை அகலம், சற்று விலை கூட. பெரியவர்களுக்கு அதையே எடுங்கள். காலையில் கண் விழிக்கும்போது பாங்காக் நெருங்கியிருக்கும். ஓர் இரவு ஹோட்டல் வாடகை மிச்சம் என்பதையும் கணக்கில் சேருங்கள். வண்டி போய் நிற்பது இப்போது பழைய ஹுவாலம்போங் நிலையத்தில் அல்ல. 2023 ஜனவரி முதல் தொலைதூர வண்டிகள் பாங் சூ பக்கத்துப் புதிய பெரிய நிலையத்துக்கு மாறிவிட்டன. ஹோட்டல் போடும்போது இதைக் கவனியுங்கள்.

இந்தத் தண்டவாளத்தில் நமக்கு ஒரு பழைய கணக்கும் உண்டு. 1942, 43இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து, சயாம் - பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர்கள் கொண்டுபோன வழி இது. நேரம் இருப்பவர்கள் பாங்காக்கிலிருந்து காஞ்சனபுரி போய் வாருங்கள். போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக, புல் வெட்டிச் சுத்தமாக இருக்கும். தோட்டத் தமிழனுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் இல்லை. விமானத்தில் போகிறவருக்கு இதெல்லாம் கண்ணில் படாது என்று நான் உபதேசம் செய்யவில்லை. காஞ்சனபுரிக்கு யாரும் போகலாம்.

ஒரு எச்சரிக்கை. தெற்குத் தாய்லாந்தில் ஆண்டுக் கடைசி மழைக்காலம். 2025 நவம்பரில் ஹாட்யாய் நகரமே வெள்ளத்தில் மூழ்கி ரயில்களும் நின்றன. அந்த மாதங்களில் போகிறவர்கள் பறப்பதே நல்லது. அதேபோல, மலேசியாவின் கிளந்தானிலிருந்து தாய்லாந்தின் சுங்கை கோலோக் வழியாகப் போகும் பாதை வரைபடத்தில் கவர்ச்சியாகத் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்து நராதிவாட், யாலா, பட்டானி மாகாணங்களில் பல ஆண்டுகளாகக் குண்டுவெடிப்பும் துப்பாக்கிச் சூடும் நடந்துவருகின்றன. குடும்பத்தோடு வேண்டாம்.

பாங்காக்கிலிருந்து லாவோஸ் போகிறவர்களுக்கு நல்ல செய்தி. 2024 ஜூலை முதல் இரவு ரயில் நோங் காய் எல்லையோடு நிற்காமல் மெகாங் பாலம் தாண்டி வியன்டியான் வரைக்கும் போகிறது. 1994இல் ஆஸ்திரேலியப் பணத்தில் கட்டிய பாலம் அது. தண்டவாளம் சாலையின் நடுவிலேயே கிடப்பதால், ரயில் வரும்போது வாகனங்களை நிறுத்திவைப்பார்கள். அங்கிருந்து லுவாங் பிரபாங்குக்கு முன்பெல்லாம் மலைச்சாலையில் ஒரு பகல் முழுக்க பஸ்ஸில் குலுங்க வேண்டும். 2021 டிசம்பரில் சீன ரயில் வந்த பிறகு ஏறக்குறைய இரண்டு மணி நேரம்தான். இரண்டு ரயில்களுக்கும் வியன்டியானில் நிலையம் வேறு வேறு என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். நடுவில் வண்டி பிடிக்க வேண்டும்.

அதே வியன்டியானிலிருந்து ஹனோய்க்கு பஸ்ஸில் போகலாமா என்று கேட்டால், கூடாது. விமானம் ஒரு மணி நேரம்தான். பஸ் கிட்டத்தட்ட ஒரு முழு நாள். நள்ளிரவு தாண்டி மலை எல்லைக்குப் போய்ச் சேரும், அது விடிந்து திறக்கும்வரை குளிரில் காத்துக் கிடக்கும். இருபது வயதில் போனால் பிற்பாடு சொல்லிச் சிரிக்க ஒரு கதை மிஞ்சும். மற்றவர்களுக்கு இடுப்பு வலிதான் மிஞ்சும்.

புனோம் பென் - ஹோ சி மின் நகரம் இதற்கு நேர்மாறு. விமானம் ஒரு மணி நேரம்கூட ஆகாது, ஆனாலும் பஸ்தான் சரி. 2025 செப்டம்பரில் புனோம் பென்னுக்குப் புதிய விமான நிலையம் திறந்தார்கள், அது நகரைவிட்டுத் தள்ளிப் போய்விட்டது. அங்கோர் பார்க்கப் போகிறவர்கள் இறங்கும் சியெம் ரீப் விமான நிலையமும் 2023இல் இப்படித்தான் ஊரிலிருந்து 40 கி.மீ.க்கு மேல் நகர்ந்தது. பாவெட் - மோக் பாய் எல்லை வழியே பஸ் ஆறேழு மணி நேரத்தில் ஊர் நடுவில் கொண்டுபோய் விடும். நடத்துநர் எல்லோருடைய பாஸ்போர்ட்டையும் மொத்தமாக வாங்கிக் கட்டாக எடுத்துப் போவார். நமக்கு உயிரே போய்விட்டது போல இருக்கும். அங்கே அதுதான் வழக்கம், முத்திரையோடு திரும்பி வந்துவிடும்.

தாய்லாந்து - கம்போடியா எல்லையோ பாதி வாசகர்கள் எழுதியிருக்கும் திட்டத்தையே கவிழ்த்துவிடும். பாங்காக்கில் மலிவு டிக்கெட்டில் ரயிலேறி அரண்யபிரதேத் போய், போய்பெட் தாண்டி அங்கோர் போவது ஒரு காலத்தில் எல்லோரும் போன வழி. 2019இல் இரு நாட்டுப் பிரதமர்களும் சேர்ந்து அங்கே ரயில் பாலத்தையே திறந்துவைத்தார்கள். 2025 ஜூனில் அந்த எல்லையை மூடினார்கள். ஜூலையில் பீரங்கிச் சண்டை, டிசம்பரில் மறுபடியும் சண்டை. பழைய வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து அந்தப் பக்கம் போகாதீர்கள். எல்லை முறையாகத் திறந்து சில மாதங்கள் ஓடும்வரை அங்கே விமானம் ஒன்றே வழி.

விசா விஷயத்தில் ஒரு நுணுக்கம். ஒரே பாஸ்போர்ட்டுக்கு வான்வழியில் ஒரு விதி, தரைவழியில் ஒரு விதி என்று வைத்திருக்கிறார்கள். விசா இல்லாமல் தரை எல்லை வழியே வருகிறவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறைதான் என்று தாய்லாந்து 2016 கடைசியில் கட்டுப்பாடு போட்டது. விமானத்தில் வருகிறவர்களுக்கு அது இல்லை. வியட்நாம் மின்விசா அரசு பட்டியலிட்ட எல்லைச் சாவடிகளில்தான் செல்லும், லாவோஸ் மின்விசாவும் அப்படியே. ஆகவே வழியை முடிவு செய்துவிட்டு விசா எடுங்கள், விசாவை எடுத்துவிட்டு வழியைத் தேடாதீர்கள். சென்னையில் செக்-இன் கவுன்ட்டரில், 'திரும்பி வரும் டிக்கெட் எங்கே?' என்று கேட்பார்கள். 'நாங்கள் ரயிலில் வெளியேறுவோம்' என்று வாயால் சொன்னால் போதாது. ரயில் டிக்கெட்டும் பாங்காக் - சென்னை விமான டிக்கெட்டும் அச்சிட்டுக் கையில் இருக்கட்டும். ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரிலிருந்து திரும்பும்படி டிக்கெட் போட்டால் வந்த வழியே திரும்பிப் போகும் செலவும் இல்லை.

சுற்றுச்சூழல் கணக்கு கேட்டவர்களுக்கு: ஆளுக்கு ஆள் பார்த்தால் பஸ்ஸும் ரயிலும் வெளியிடும் கரியமில வாயு விமானத்தைவிடப் பல மடங்கு குறைவு. ஆனால் சென்னையிலிருந்து பறந்து போய்விட்டு, அங்கே ஒரு ரயிலில் ஏறியதற்காகப் பெருமைப்பட வேண்டாம்.

ஆக, மதுரை வாசகிக்கு: சிங்கப்பூர் - கோலாலம்பூர் விமானம், கோலாலம்பூர் - பாங்காக் ரயில், மாமியாருக்குக் கீழ்ப் படுக்கை. மற்றவர்கள் அவரவர் முட்டியைப் பொறுத்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

கிளம்புமுன் ஒரு வேலை. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றும் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்பச் சொல்கின்றன. விமானத்தில் போனாலும் ரயிலில் போனாலும் நிரப்பத்தான் வேண்டும். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் அந்தந்த அரசின் தளத்தில் நிரப்புங்கள். மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் உடனே மூடிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்