கையொப்பம் போதுமா?

சமுதாயக் கல்லூரி என்றதும் நம்மில் சிலர் உதட்டைப் பிதுக்குகின்றனர். பட்டத்துக்கு வழியற்றோர் ஒதுங்கும் இடமாம் அது!

அமெரிக்காவில் அதிபர் ட்ரூமன் அமைத்த குழு 1947-இல் பரப்பிய பெயர் இது. நம் நாட்டில் 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் முதலடி வைத்தது. 2013-இல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தனித் திட்டம் வகுத்தது. ஊர்த் தொழிலோரைக் கலந்து பாடம் அமைக்க வேண்டும். மாணவன் பட்டறையிலும் பயில வேண்டும். நல்ல ஏற்பாடுதான், மறுப்பார் யார்?

ஆனால் நடப்பது என்ன? இருவர் ஒப்பந்தத்தில் கையொப்பம் இடுகின்றனர், படம் எடுத்துக்கொள்கின்றனர், தேநீரோடு உறவு முடிகிறது. நானறிந்த ஓரிடத்தில், மோட்டார் பழுது பார்க்கக் கற்கச் சென்ற இளைஞன் மூன்று மாதமும் வண்டி கழுவினான். கூலியும் இல்லை; கேட்டால், "பயிற்சி" என்றார்கள்! பட்டறை முதலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. என்ன கற்பிக்க வேண்டுமென்று கல்லூரி அவரிடம் ஒருநாளும் பேசியதில்லை. ஆசிரியர் எவரும் அங்கே எட்டிப் பார்த்ததுமில்லை.

நம்மில் நாளை பேராசிரியராகப் போகிறவர் பலர். அவர்களுக்கே சொல்கிறேன்: பட்டறை மேஸ்திரியைப் பாடக்குழுவில் உட்கார வையுங்கள். பயிற்சிக் காலத்துக்கு உதவித்தொகை உண்டென்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். இவ்விரண்டும் இல்லையேல், அடுத்த மாணவனை அனுப்பாதீர்கள்.