‘இயற்கைதானே’ என்று சொல்லிக் கைவிடாதீர்கள்

“மாதவிலக்கு நிற்பது இயற்கைதானே! அதற்குப் போய் மருந்து மாத்திரையா? கீரையும் கஞ்சியும் நாலு ஆசனமும் போதும், தானாகச் சரியாகிவிடும்.”

நாற்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள் பெரும்பாலும் இந்தப் பேச்சைக் கேட்டிருப்பார்கள். அம்மா சொல்கிறார், நாத்தனார் சொல்கிறார், காலையில் கூட நடக்கும் தோழி சொல்கிறார், யூடியூபில் முகம் தெரியாத ஒருவர் அடித்துச் சொல்கிறார். கேட்பதற்கு இதமாகத்தான் இருக்கிறது. பெண்ணுடலை நோயாகப் பார்க்காத பக்குவம் அதில் இருப்பதுபோலவும் தோன்றுகிறது. ஆனால் இந்த நம்பிக்கை எத்தனையோ பெண்களை வருடக்கணக்கில் தூங்கவிடாமல் வதைக்கிறது. தீர்க்கக்கூடிய வலியைத் தீராத வலியாக்குகிறது. சிலருடைய புற்றுநோயை, குணப்படுத்தும் காலம் கடக்கும்வரை மறைத்து வைக்கிறது. அதனால் இதை எதிர்க்க வேண்டியிருக்கிறது.

மாதவிலக்கு நிற்பது இயற்கை என்பதில் எனக்கு மறுப்பில்லை. தொடர்ந்து 12 மாதங்கள் ரத்தப்போக்கு இல்லையென்றால் நின்றுவிட்டது என்று கணக்கு. நம் நாட்டில் இது சராசரியாக 46, 47 வயதை ஒட்டி நிகழ்கிறது. மேலை நாடுகளில் 51. அதாவது நம் பெண்கள் நாலைந்து வருடம் முன்னதாகவே ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை இழக்கிறார்கள். பேறுகாலம்கூட இயற்கைதான். அதற்காக மருத்துவமனை வேண்டாம் என்று இன்று யாரும் சொல்வதில்லை. இயற்கையான ஒன்றில் உதவி தேவைப்படாது என்ற முடிவு மாதவிலக்கு நிற்கும்போது மட்டும் எங்கிருந்து வந்தது?

முதலில் உடல் சூட்டை எடுத்துக்கொள்வோம். திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை குப்பென்று அனல் ஏறும், வேர்த்துக் கொட்டும், பிறகு குளிரும். ‘பித்தம் கூடிவிட்டது, மோர் குடி, எண்ணெய் தேய்த்துக் குளி’ என்பார்கள். இந்தச் சூடு சாப்பாட்டால் வருவதல்ல. உடலின் வெப்பத்தைச் சீராக வைத்திருப்பது மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைபோதலாமஸ். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் அங்குள்ள ஒருவகை நரம்புச் செல்கள் கட்டுப்பாட்டை மீறித் தூண்டப்படுகின்றன. உடல் வெப்பம் இம்மி கூடினால்கூட உடனே ரத்தக் குழாய்கள் விரிகின்றன, வேர்வை கொட்டுகிறது. மோரும் குளியலும் அந்த நேரத்துக்கு ஆறுதல் தரும், மூலகாரணத்தைத் தொடாது.

‘ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இரு’ என்ற ஆறுதலும் பொய். அமெரிக்காவில் பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ‘ஸ்வான்’ ஆய்வு, அடிக்கடி அனல் ஏறும் பெண்களுக்கு அது நீடிக்கும் காலத்தின் இடைநிலை அளவு 7.4 ஆண்டுகள் என்று 2015இல் சொன்னது. இரவில் நாலு முறை நனைந்து எழுகிற பெண் ஏழு வருடம் பல்லைக் கடிக்க வேண்டுமா? விடிந்ததும் அவர் பேருந்து பிடித்து வேலைக்குப் போக வேண்டும், வகுப்பெடுக்க வேண்டும், வெயிலில் நாற்று நட வேண்டும்.

இதைவிடக் கொடியது ரத்தப்போக்கைப் பற்றிய அலட்சியம். ‘நிற்கப்போகிற நேரத்தில் கொட்டித்தான் நிற்கும்’ என்று ஒரு சொல் வழக்கில் இருக்கிறது. நம் சித்த மருத்துவமே இதைப் பெரும்பாடு என்று தனி நோயாகப் பிரித்துப் பெயரிட்டிருக்க, பாரம்பரியத்தின் பெயரால் பேசுகிறவர்கள் அதை இயல்பு என்கிறார்கள். கர்ப்பப்பைக் கட்டி, உள்சுவர்த் தடிப்பு, தைராய்டு கோளாறு என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே ரத்தம் குறைந்த உடம்பு மாதத்தில் பதினைந்து நாள் ரத்தம் இழந்தால் என்ன ஆகும்? மாடிப்படி ஏற மூச்சு வாங்கும். அதற்கும் ‘வயசாகிறதில்லையா’ என்றே பதில் வரும்.

நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதை உடனே பரிசோதிக்க வேண்டும். கர்ப்பப்பையின் உள்சுவரில் புற்றுநோய் வந்த பெண்களில், மாதவிலக்கு நின்றவர்களை எடுத்துக்கொண்டால், பத்தில் ஒன்பது பேருக்கு இந்த ரத்தம்தான் முன்னறிவிப்பு. அப்படி ரத்தம் படுகிறவர்களில் ஏறத்தாழ பதினொருவரில் ஒருவருக்குப் புற்றுநோய் இருக்கிறது. தொடக்கத்திலேயே பிடித்தால் அறுவைச் சிகிச்சையிலேயே பெரும்பாலோர் குணமாகிவிடுகிறார்கள். ‘மறுபடி இளமை திரும்புகிறது’ என்று கேலி பேசி அந்த ரத்தத்தைத் துடைத்துவிடுகிற வீடு, காப்பாற்றக்கூடிய உயிரைத் தவறவிடுகிறது.

பொறுத்துப் பொறுத்துப் போன பெண் கடைசியில் மறுகோடிக்குத் தள்ளப்படுகிறார். ‘பிள்ளை பெற்றாயிற்று, இனி எதற்கு அந்தப் பை? எடுத்துவிட்டால் தொல்லை விட்டது.’ நான்காவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள் ஆந்திரத்தில் 8.9 சதவீதம், தெலங்கானாவில் 7.7 சதவீதம். நாடு முழுவதற்குமான அளவோ 3 சதவீதத்தை ஒட்டியது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் கூலி இழக்காமல் இருப்பதற்காகக் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்ட அவலம் 2019இல் நாட்டையே உலுக்கியது. சூலகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் மறுநாளே மாதவிலக்கு நின்ற உடம்பாகிவிடும். எலும்பும் இதயமும் முன்கூட்டியே அதற்கு விலை கொடுக்கும். மாத்திரையில், கர்ப்பப்பைக்குள் பொருத்தும் ஹார்மோன் சாதனத்தில் தீர்ந்திருக்கக்கூடிய ரத்தப்போக்கு பல நேரங்களில் கத்திவரை போகிறது. ஒன்றும் செய்யாதே என்பதற்கும் மொத்தமாக எடுத்துவிடு என்பதற்கும் நடுவில் இருக்கும் மருத்துவத்தைப் பெண்களுக்குக் காட்டாமல் மறைப்பது இந்த ‘இயற்கைதானே’ பேச்சுதான்.

அடுத்து, இயற்கை மருந்துக்குப் பக்கவிளைவே இல்லை என்ற நம்பிக்கை. மாதவிலக்கு நிற்கும் பருவத்துக்கென்று பொடியும் லேகியமும் காப்ஸ்யூலும் இன்று குவிந்து கிடக்கின்றன. ‘சாப்பிட்டேன், சூடு குறைந்தது’ என்று சொல்லும் பெண்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஹார்மோன் சிகிச்சை ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரை வாங்கியவர்களுக்கும் அனல் ஏறுவது சராசரியாக 57.7 சதவீதம் குறைந்திருந்தது. நம்பிக்கையாலும் நாள் போகப்போகத் தானாகவும் குறையும் அளவு அது. ஒரு மூலிகை அதையும் தாண்டி வேலை செய்தால்தான் அது மருந்து. பிளாக் கோஹாஷ் வேரும் ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெயும் அந்தச் சோதனையில் தேறவில்லை. வட அமெரிக்க மாதவிடாய்நிற்றல் சங்கம் 2023இல் வெளியிட்ட அறிக்கை, அனல் ஏறுவதற்கென்று மூலிகைச் சத்துகளையோ சோயாவையோ பரிந்துரைக்கவில்லை.

பலன் இல்லையென்றாலும் கெடுதல் இல்லையே என்று சொல்ல முடியாது. பிளாக் கோஹாஷ் சாப்பிட்ட சிலருக்குக் கல்லீரல் பழுதடைந்ததாகப் பதிவுகள் உண்டு. நம் அமுக்கராவுக்கும், அதாவது அஸ்வகந்தாவுக்கும் உண்டு. அமுக்கரா தைராய்டு ஹார்மோனைக் கூட்டவும் செய்யும். காலையில் வெறும் வயிற்றில் தைராய்டு மாத்திரை போடும் எத்தனை பெண்கள் இதை அறிவார்கள்? அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்த 2004ஆம் ஆண்டு ஆய்வு, 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் ஆகியவற்றில் ஒன்றையோ பலவற்றையோ கண்டது. மாதவிலக்குக் கோளாறைச் சரிசெய்வதாக மருந்துகளை விளம்பரம் செய்யக்கூடாது என்று 1954ஆம் ஆண்டின் மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டம் சொல்கிறது. எழுபது ஆண்டு பழைய சட்டம் இருந்தும் விளம்பரம் ஓயவில்லை.

இத்தனைக்கும் துணைநிற்பது, குறைந்துபோன ஈஸ்ட்ரோஜனை மருந்தாகத் தரும் ஹார்மோன் சிகிச்சை என்றால் புற்றுநோய் என்ற பயம். அது 2002 ஜூலையில் பிறந்தது. அமெரிக்காவில் நடந்த பெரும் ஆய்வில் 16,608 பெண்கள் பங்கேற்ற ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனும் சேர்ந்த மாத்திரை எடுத்தவர்களில் ஆண்டுக்குப் பத்தாயிரம் பேருக்கு 8 பேர் கூடுதலாக மார்பகப் புற்றுநோய்க்கு ஆளானார்கள். அந்தப் பெண்களின் சராசரி வயது 63 என்பதும், கர்ப்பப்பை எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்றவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் கூடவில்லை என்பதும் தலைப்புச் செய்தியாகவில்லை. இன்றைய மருத்துவ வழிகாட்டுதல் தெளிவானது. 60 வயதுக்குட்பட்டவர்கள், அல்லது மாதவிலக்கு நின்று 10 ஆண்டு ஆகாதவர்கள், தடையான நோய் ஏதும் இல்லையென்றால், அனல் ஏறும் தொல்லைக்கு ஹார்மோன் எடுப்பதில் ஆபத்தைவிட நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய், ரத்தக் கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் கண்டவர்களுக்கும், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும் இது பொதுவாக ஆகாது. அவர்களுக்கு ஹார்மோன் அல்லாத மருந்துகள் இருக்கின்றன. யாருக்கு எது என்று பார்ப்பது மருத்துவரின் வேலை. பயத்தின் வேலை அல்ல.

இங்கே இயற்கை, செயற்கை என்ற பிரிவினையே நிலைக்காது. அந்த அமெரிக்க ஆய்வில் கொடுத்த ஈஸ்ட்ரோஜன் சினைப்பட்ட குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்தது. 1940களில் ரஸ்ஸல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து புரோஜெஸ்டிரோனை உருவாக்கினார். அந்த மாற்றம் ஆய்வுக்கூடத்தில்தான் நடக்கும். கிழங்கைத் தின்றாலும் பூசினாலும் உடம்பு அதைச் செய்யாது. எங்கிருந்து வந்தது என்பதைவிட, சோதித்தார்களா, அளவு என்ன, யாருக்கு ஆகாது என்ற மூன்று கேள்விகளே முக்கியம்.

வாய்விட்டுச் சொல்லப்படாத இன்னொரு துன்பமும் இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பிறப்புறுப்பின் தோல் மெலிந்து உலர்கிறது. உறவில் வலி, அடிக்கடி நீர்க்கடுப்பு. பார்லித் தண்ணீரும் இளநீரும் குடித்தே வருடங்கள் ஓடும். 1993இல் வெளியான ஓர் ஆய்வில், பிறப்புறுப்பில் ஈஸ்ட்ரோஜன் கிரீம் பூசிய பெண்களுக்குச் சிறுநீர்த் தொற்று ஆண்டுக்குச் சராசரியாக 0.5 முறைதான் வந்தது. வெற்றுக் கிரீம் பூசியவர்களுக்கு 5.9 முறை. ஒரு சிறு குழாய்க் கிரீமில் தீரக்கூடிய இந்த வலியை எத்தனை பெண்கள் கணவனிடம்கூடச் சொல்லாமல் விழுங்கியிருப்பார்கள்!

அப்படியானால் கேழ்வரகும் நடைப்பயிற்சியும் வீணா? இல்லவே இல்லை. அவற்றுக்குரிய இடத்தில் அவற்றுக்கு ஈடு கிடையாது. மாதவிலக்கு நின்ற ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் எலும்பு அடர்த்தி 20 சதவீதம்வரைகூடக் குறையலாம். இந்தப் பருவப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். 100 கிராம் கேழ்வரகில் அதில் சுமார் 350 இருக்கிறது. தயிர், எள், கீரை, தோலோடு உளுந்து எல்லாம் சேரட்டும். உளுந்தங்களியும் நல்ல உணவுதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் அதில் சேர்க்கும் கருப்பட்டியில் கவனமாக இருக்க வேண்டும். எலும்புக்கு நடை மட்டும் போதாது, பளு தூக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் எலும்பு மெலிந்த பெண்கள் வாரம் இரண்டு முறை, அரைமணி நேரம், பயிற்சியாளர் பார்வையில் பளு தூக்கியபோது எட்டு மாதத்தில் முதுகெலும்பின் அடர்த்தி 2.9 சதவீதம் கூடியது. யோகா மனதுக்கும் உறக்கத்துக்கும் உதவும். அனல் ஏறும் தொல்லைக்கோ, அறிவுசார் நடத்தைச் சிகிச்சை என்ற மனப்பயிற்சிக்கு நல்ல சான்று இருக்கிறது. புகையிலையை விடுவதும் கூடுதல் எடையைக் குறைப்பதும் உதவும். இவை மருத்துவத்தோடு சேர்ந்து நடக்க வேண்டியவை. மருத்துவத்துக்குப் பதிலாக இவற்றை முன்னிறுத்துவதைத்தான் கண்டிக்கிறேன்.

இந்த நம்பிக்கையால் யாருக்கு வசதி என்று பாருங்கள். 47 வயதில் ஒரு பெண்ணின் தலையில் பிள்ளையின் பிளஸ் டூ, மகளின் கல்யாணம், படுக்கையில் விழுந்த மாமியார், இதற்கு மேல் வேலை. அவர் துன்பம் ‘இயற்கை’ என்றாகிவிட்டால் கணவன் ஒரு வேளை சமைக்க வேண்டாம், மகன் துணி துவைக்க வேண்டாம், முதலாளி மின்விசிறியும் கழிப்பறையும் வைக்க வேண்டாம், அரசு செலவழிக்க வேண்டாம். எல்லாருடைய கடமையையும் தள்ளுபடி செய்துவிட்டு, ‘நீயே உணவை மாற்று, நீயே மூச்சுப்பயிற்சி செய்’ என்று பாரத்தை அந்தப் பெண் மேலேயே திரும்ப வைக்கிறது இந்தப் பேச்சு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பணியாளர்கள் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், சர்க்கரை மாத்திரை தருகிறார்கள். ஆட்சியாளர்களே, அதே வாசலில் நாற்பதைத் தாண்டிய பெண்ணிடம் இன்னும் மூன்று கேள்விகள் கேட்கச் செய்யுங்கள்: ரத்தப்போக்கு எப்படி இருக்கிறது? இரவில் தூங்குகிறீர்களா? நீர்க்கடுப்பு உண்டா? பதிலைப் பொறுத்து அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள்; அங்கே ஈஸ்ட்ரோஜன் கிரீமும் ஹார்மோன் மாத்திரையும் இலவசமாகக் கிடைக்கச் செய்யுங்கள்.

கணவர்களே, கேலி பேசாமல் கூடப் போங்கள். பெண்களே, மருத்துவரிடம் போகும்போது கடைசியாக ரத்தம் பட்ட தேதி, எத்தனை நாள் போனது, இரவில் எத்தனை முறை வேர்த்து எழுகிறீர்கள், சாப்பிடும் எல்லா மாத்திரைகள், பொடிகள், லேகியங்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். ‘இந்த வயதில் அப்படித்தான்’ என்று அனுப்பிவைத்தால், என்ன பரிசோதனை செய்து அந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் வேறு மருத்துவரிடம் போங்கள்.