மரக்கட்டை மீனுக்கு ஏன் இன்னும் மவுசு?

மாணவர்களே, மீன்பிடிச் சாமான் விற்கும் கடைக்குள் போனால் முதலில் சுவரைப் பாருங்கள். நூற்றுக்கணக்கில் போலி இரைகள் தொங்கும். மலாய் நண்பர்கள் அவற்றைக் கெவாங் என்பார்கள். செதில் செதிலாக அச்சிட்டது, கண்ணில் ஒளி மின்னுவது, வயிற்றுக்குள் குண்டு உருண்டு கிலுகிலுப்பது என்று ஒவ்வொன்றும் நிஜ மீனையே வெட்கப்பட வைக்கும். அதே சுவரில் ஒரு மூலையில் இன்னொரு வகையும் தொங்கும். வெள்ளை உடம்பு, சிவப்புத் தலை, பொட்டு வைத்தாற்போல் இரண்டு கண். எந்த மீனின் சாயலும் அதில் இல்லை. சிறு பிள்ளை வரைந்த மீன் போல இருக்கும். அந்த வடிவங்களில் சில எண்பது, தொண்ணூறு ஆண்டுப் பழையவை. இன்றைக்கும் விற்பனையில் இருக்கின்றன, இன்றைக்கும் மீன் வாங்கித் தருகின்றன.

“அதெல்லாம் தாத்தா காலத்து ஆசை, சார்” என்று என் வகுப்பில் ஒருவர் சொல்வார். பழைய பொருள் மீதுள்ள பாசம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாசம் தூண்டில்காரருக்கு இருக்கலாம். மீனுக்கு இருக்க முடியாதே? பழைய இரை நிலைத்ததற்கான பாதிக் காரணம் மீனின் நரம்பு மண்டலத்தில் இருக்கிறது என்பது என் கருத்து.

இந்த இரைகள் பெரும்பாலும் அமெரிக்காவில் பாஸ் என்ற மீனுக்காகப் பிறந்தவை. பெரிய வாய், பதுங்கியிருந்து பாயும் குணம். நம் நாட்டில் அந்த மீன் இல்லை. பேராக்கின் பழைய ஈயச் சுரங்கக் குட்டைகளில் பிடிபடும் மயில் பாஸ் பெயரில் மட்டும்தான் பாஸ். அது தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது. குடும்பத்தால் திலாப்பியாவுக்குச் சொந்தம். ஆனால் பதுங்கிப் பாயும் தொழில் நம்மூர் மீன்களுக்கும் உண்டு. பிறை ஆற்றில் சியாக்காப் எனப்படும் கொடுவா, வயல் வாய்க்காலில் விரால், தெமெங்கோர் ஏரியில் விராலின் பெரிய உறவான தோமான். அதனால்தான் பாஸ் மீனுக்காகச் செய்த இரை இங்கேயும் பிழைத்துக்கொண்டது.

மிச்சிகன் மாநிலத்தில் தேனீ வளர்த்துக்கொண்டிருந்த ஜேம்ஸ் ஹெடன் 1898ஆம் ஆண்டு வாக்கில் மரத்தில் ஒரு தவளையைச் செதுக்கினார். சும்மா உட்கார்ந்திருந்தபோது செதுக்கிய மரத்துண்டைக் குளத்தில் எறிந்தாராம், ஒரு பாஸ் அதைத் தாக்கியதாம். கதை எப்படியோ, அதிலிருந்து ஒரு தொழிற்சாலையே வளர்ந்தது. 1938இல் ஃப்ரெட் ஆர்பொகாஸ்ட் என்பவர் ஜிட்டர்பக் என்ற இரையை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முகத்தில் அகலமான உலோகத் தகடு. இழுத்தால் வாத்து நடப்பதுபோல் இடமும் வலமும் சாய்ந்து, நீர்மேல் ‘பிளக், பிளக்’ என்று வரும். போர்க்காலத்தில் உலோகம் கிடைக்காமல் அந்தத் தகட்டைப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள்.

எனக்குப் பிடித்த கதை பின்லாந்தில் நடந்தது. லவ்ரி ரப்பாலா ஏழை மீனவர். ஏரியில் படகு ஓட்டும்போதெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தார். சிறு மீன் கூட்டத்துக்குள் பெரிய மீன் பாயும்போது எந்தச் சிறு மீனைப் பிடிக்கிறது? நேராக நீந்துவதை விட்டுவிட்டு, அடிபட்டுத் தள்ளாடுவதைத்தான் பிடிக்கிறது. 1936இல் தக்கையைக் கத்தியால் சீவி, சாக்லேட் சுற்றிவரும் மினுமினுப்புத் தாளை ஒட்டி, புகைப்படச் சுருளை உருக்கி மேலே பூசி, தள்ளாடும் மீன் ஒன்றைச் செய்தார். ஆய்வுக்கூடம் இல்லை, பட்டம் இல்லை. ஆனால் கவனித்தார், கருதுகோள் வைத்தார், செய்து பார்த்தார். நீங்கள் படிவம் ஒன்றில் படித்த அறிவியல் செயற்பாங்கு இதுதானே?

இந்தத் தள்ளாட்டம் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். ரப்பாலாவின் இரைக்கு முகவாயில் சாய்வான சிறு தகடு உண்டு. நூலை இழுத்ததும் நீர் அந்தத் தகட்டில் மோதி மூக்கைக் கீழே அழுத்துகிறது. தகட்டின் விளிம்பைக் கடக்கும் நீர் சீராகப் போவதில்லை. ஒருமுறை இடப்பக்கம் சுழல், அடுத்தமுறை வலப்பக்கம் சுழல் என்று மாறி மாறிப் பிய்த்துக்கொண்டு போகும். ஒவ்வொரு சுழலும் இரையை ஒரு பக்கம் சாய்க்கும். வயிற்றடியில் தொங்கும் முள்ளின் எடை அதைத் திரும்ப நிமிர்த்தும். தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையைத் தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? எடை அடியில் இருப்பதால் எப்படிச் சாய்த்தாலும் எழுந்துவிடும். அந்தப் பொம்மையைத் தண்ணீருக்குள் படுக்கப் போட்டு இழுத்தால் எப்படியோ, அப்படித்தான் இது.

தக்கைக்குப் பிறகு பால்சா மரத்துக்கு மாறினார்கள். பால்சாவின் அடர்த்தி கனமீட்டருக்கு ஏறத்தாழ 160 கிலோகிராம், நீருக்கு 1000. ஆறில் ஒரு பங்குகூட இல்லை. எடை குறைந்தால் சடத்துவம் குறையும். சடத்துவம் குறைந்தால் மெதுவாக இழுத்தாலே துடிக்கும். கனமான பிளாஸ்டிக் உடம்பை அப்படித் துடிக்க வைக்க வேகமாக இழுக்க வேண்டியிருக்கும். பழைய மர இரைக்கு இன்னமும் ஆதரவாளர்கள் இருப்பதற்கு இது சரியான இயற்பியல் காரணம்.

நீங்களும் ஒன்று செய்து பார்க்கலாம். பால்சா கிடைக்காவிட்டால் பழைய ரப்பர் செருப்பு போதும். விரல் நீளத்துக்கு ஒரே அளவில் மூன்று துண்டு வெட்டி, பிளாஸ்டிக் அட்டையில் உதடு செருகுங்கள். மூன்றுக்கும் உதட்டின் சாய்கோணம் மட்டும் வேறு வேறாக இருக்கட்டும். அடிவயிற்றில் சிறிய ஆணி ஒன்றைப் பாரமாக வையுங்கள். தூண்டில் முள் வேண்டாம். நீளமான நீர்த்தொட்டியில் ஒரே வேகத்தில் இழுத்து, எத்தனை முறை ஆடுகிறது என்று கைப்பேசியில் படம் பிடித்து எண்ணுங்கள். சில கோணங்களில் ஆடவே ஆடாது, சுழன்று கவிழும். அதுவும் முடிவுதான், அழித்துவிடாதீர்கள்.

இப்போது மீனின் பக்கம் வருவோம். மீனின் உடம்பில் செவுளுக்குப் பின்னாலிருந்து வால்வரை ஒரு கோடு ஓடுவதைச் சந்தை மீனிலேயே பார்க்கலாம். அதுதான் பக்கக்கோடு. அதன் அடியில் நுண்மயிர் உணர்செல்கள் வரிசையாக இருக்கின்றன. நம் உட்காதில் இருப்பவையும் இதே வகைச் செல்கள்தான். பக்கத்தில் நீர் அசைந்தால் மயிர் வளையும், செய்தி மூளைக்குப் போகும். மெதுவான, தாழ்ந்த அதிர்வுகளுக்கு இந்த உறுப்பு மிகவும் கூர்மையானது. இருட்டிலும் வேலை செய்யும், தே தாரிக் நிறத்தில் ஓடும் பிறை ஆற்றிலும் வேலை செய்யும். அச்சிட்ட செதிலைக் கலங்கிய நீரில் எந்த மீன் நின்று ரசிக்கப்போகிறது? அந்தச் செதில் கடைக்கு வருபவரின் கண்ணுக்காக வரைந்தது என்பது என் சந்தேகம்.

சந்தேகத்துக்கு ஆதாரம் உண்டா என்று கேட்பீர்கள். நேரடியான ஆதாரம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வலுவான குறிப்பு இருக்கிறது. நெதர்லாந்தைச் சேர்ந்த நிக்கோ டின்பெர்கன் முள்முதுகு மீன்களை ஆராய்ந்தார். இனப்பெருக்கக் காலத்தில் அந்த ஆண் மீனின் வயிறு சிவக்கும். இன்னொரு ஆண் எல்லைக்குள் வந்தால் தாக்கும். டின்பெர்கன் தொட்டிக்குள் பொம்மைகளை விட்டுப் பார்த்தார். அச்சு அசலாக மீனைப்போலவே செய்த, ஆனால் சிவப்பு இல்லாத பொம்மையை மீன்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. மீன் வடிவமே இல்லாத, அடிப்பாகம் சிவந்த கட்டையைத் தாக்கின. ஜன்னலுக்கு வெளியே சிவப்பு அஞ்சல் வண்டி போனபோதுகூடத் தொட்டி மீன்கள் சண்டைக்குத் தயாராயினவாம்! பின்னாளில் இதைத் திரும்பச் செய்தவர்களுக்கு எல்லா நேரமும் இதே முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் அடிப்படைக் கருத்து நிலைத்தது: விலங்கின் மூளை முழுப்படத்தையும் பார்ப்பதில்லை, சில குறிகளை மட்டும் பிடித்துக்கொண்டு செயலில் இறங்குகிறது. விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்ததற்காக 1973இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

பழைய இரையை இந்தக் கண்ணோடு பாருங்கள். அது மீனின் உருவத்தைக் கோட்டைவிட்டிருக்கிறது, ஆனால் தள்ளாட்டத்தைப் பிடித்திருக்கிறது. நீர்மேல் துள்ளும் தவளையின் காலையும் கண்ணையும் விட்டுவிட்டு, ‘பிளக்’ சத்தத்தை வைத்துக்கொண்டிருக்கிறது. சிவப்புத் தலை வெள்ளை உடம்புக்கும் கொஞ்சம் ஆதரவு கிடைக்கிறது. பாஸ் மீனின் கண்ணில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் இரண்டு வகைதான், நமக்கு மூன்று. இலினோய் பல்கலைக்கழக ஆய்வில், அந்த மீன்கள் சிவப்பையும் பச்சையையும் நன்றாக அடையாளம் கண்டன. வெளிர் மஞ்சள்பச்சையையும் வெள்ளையையும் குழப்பிக்கொண்டன. கருநீலத்தையும் கறுப்பையும் அப்படியே. கடையில் பத்து நிறத்தில் தொங்கும் ஒரே இரை, மீனுக்கு ஐந்தாறாகச் சுருங்கிப் போகலாம். இதை அப்படியே தோமானுக்கும் சியாக்காப்புக்கும் பொருத்திவிட முடியாது. கண் வேறு, குடும்பம் வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை. “இத்தனை ஆண்டாக விற்கிறது, ஆகவே சிறந்தது” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ரப்பாலா இரை அமெரிக்காவில் கொடிகட்டிப் பறந்ததற்கு அதன் ஆட்டம் மட்டும் காரணமில்லை. 1962 ஆகஸ்டில் லைஃப் இதழ் அதைப் பற்றி ஒரு கட்டுரை போட்டது. நடிகை மர்லின் மன்றோ இறந்தபின் அவர் படத்தை அட்டையில் தாங்கி வந்த இதழ் அது, வாங்காதவர் குறைவு. நல்ல இரைக்கு நல்ல நேரமும் சேர்ந்துகொண்டது. சாதனைக் கதைகளும் அப்படியே. 1932 ஜூன் 2ஆம் தேதி ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளைஞர் பத்து கிலோவுக்கும் சற்றுக் கூடுதலான பாஸ் ஒன்றைப் பிடித்தார். அதற்கு வீசியது மர இரை என்பதைச் சொல்லிப் பெருமைப்படுவார்கள். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிதா அந்தச் சாதனையைச் சமன் செய்தார். அவர் போட்டது உயிருள்ள மீன். ஒவ்வொரு மீனை வைத்து எந்த இரையையும் தீர்ப்பளிக்க முடியாது.

எந்த இரை அதிக நேரம் தண்ணீரில் இருக்கிறதோ அதுதான் அதிகம் மீன் பிடிக்கும், இல்லையா? ஆகவே பிடித்த மீனை மட்டும் எண்ணாமல், எத்தனை வீச்சுக்கு எத்தனை அடி என்று எண்ணுங்கள். இரைதான் தற்சார்பு மாறி. இடம், நேரம், இழுக்கும் வேகம் மூன்றும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள். இருபது வீச்சு பழையது, இருபது வீச்சு புதியது என்று மாற்றி மாற்றி வீசுங்கள். ஒரு பள்ளி விடுமுறை முழுக்கச் செய்தால் உங்கள் கையில் இருக்கும் அட்டவணை எந்த விளம்பரத்தையும்விட மேலானது. அறுபது, எழுபது ரிங்கிட் கொடுத்து இரை வாங்கச் சேமிக்கும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இந்த அட்டவணையைத்தான்.

மீனும் சும்மா இருப்பதில்லை. நெதர்லாந்தில் பெய்கெமா என்ற ஆய்வாளர் குளத்து மீன்களை வைத்துச் சோதித்து 1970இல் வெளியிட்டார். பைக் என்ற வேட்டை மீன், சுழலும் தகட்டு இரையில் ஒருமுறை மாட்டித் தப்பினால் அடுத்தமுறை அதனிடம் வருவது வெகுவாகக் குறைந்தது. உயிர் இரை என்றால் அந்தப் பாடத்தை அது கற்றுக்கொள்ளவில்லை. அதாவது எவ்வளவு நல்ல போலிக்கும் ஒரு குளத்தில் ஆயுள் குறைவுதான். புது இரை கேட்டுக் கடைக்கு ஓடுபவர்கள் பக்கமும் நியாயம் உண்டு என்று இதைப் படித்தபின் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆனால் மீன் கற்றுக்கொள்ளவே முடியாத ஓரிடம் இருக்கிறது. தோமான் ஏரியில் நீர்மேல் சிவப்பாகக் கொதிப்பதுபோல் ஒரு வட்டம் தெரியும். அவை தோமான் குஞ்சுகள். விரால் குடும்பத்துக்குக் காற்றை விழுங்கினால்தான் உயிர். அதனால் கூட்டமாக மேலே வந்து வந்து போகும. அடியில் தாயும் தந்தையும் காவல். அந்த வட்டத்தின் நடுவில் ரப்பர்த் தவளையைப் போட்டால் அநேகமாக அடி நிச்சயம். பசியில்லாவிட்டாலும் அடிக்கும், ஏனெனில் அங்கே தவளை இரையில்லை, எதிரி. டின்பெர்கனின் மீன் சிவப்புக் கட்டையைத் தாக்கியதும் இதுவும் ஒரே கதை.

இதைத் திறமை என்று படம் பிடித்துப் பகிர்கிறார்கள். எனக்கு அதில் திறமை எதுவும் தெரியவில்லை. பெற்றோர் போனபின் அந்தக் குஞ்சுகளைச் சுற்றி இருக்கும் மற்ற மீன்கள் தின்ன அதிக நேரம் ஆகாது. பிடித்துவிட்டுத் திரும்ப விடுகிறோமே என்பார்கள். கரையில் படம் எடுக்கும் அந்தச் சில நிமிடங்கள் போதும். பழைய இரை மீனின் மூளையில் எந்தப் பொத்தானை அழுத்துகிறது என்று தெரிந்தவர்கள் நாம். குஞ்சு வட்டம் கண்ணில் பட்டால் தூண்டிலைச் சுருட்டிக்கொள்ளுங்கள். ஏரி பெரியது. எதிர்க்கரையில் பாசி ஓரமாக அதே தவளையை வீசலாம். அங்கே பசியோடு காத்திருக்கும் தோமானும் இருக்கும்.