இலக்கும் அமானிதமும்

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நெறிமுறைக் கையேடு இருந்தது. முறைகேடுகளைத் தெரிவிக்கத் தொலைபேசி எண்ணும் இருந்தது. ஆயினும் வாடிக்கையாளர்கள் கேளாமலேயே அவர்கள் பெயரில் இலட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டன. 2016இல் இது வெளிப்பட்டபோது 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் இதன் பொருட்டு நீக்கப்பட்டிருந்தனர்.

காரணம் என்ன? ஒவ்வொரு குடும்பத்துக்கும் 8 சேவைகளை விற்க வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைத்தது. அவ்விலக்கின் முன் கையேடு தோற்றது. முறைகேட்டை எடுத்துரைத்த மேலாளர் ஒருவர் வேலையிழந்தார். அவரை மீண்டும் பணியில் அமர்த்துமாறு 2017இல் அந்நாட்டுத் தொழிலாளர் துறை ஆணையிட்டது.

நம் பிள்ளைகளும் இன்று நிதித்துறையில் இலக்குகளோடு உழைக்கின்றனர். அவ்வேலையில் வட்டி கலந்துள்ளதா என்று வினவுகிறோம். அது அவசியமான வினா. ஆனால் எப்படி விற்கிறாய் என்பதும் ஹலால், ஹராம் பற்றிய வினாவே. திருக்குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் அளவையில் மோசடி செய்வோரைக் கண்டித்தே தொடங்குகிறது. வாடிக்கையாளரின் பெயரும் கையொப்பமும் நம் பிள்ளையிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் அல்லவா?

‘இம்மாதம் இன்சென்டிவ் எவ்வளவு?’ என்று மட்டும் கேட்கும் வீடு, இலக்கு விதித்த மேலிடத்தின் பக்கமே நிற்கிறது. இலக்கை எட்டாத மாதத்திலும் பிள்ளை தலைநிமிர்ந்து வீடு திரும்பட்டும். அந்தத் துணிவைச் சட்டத்தைவிட முன்னதாகப் பெற்றோரே அளிக்க முடியும்.

அல்லாஹ் நம் சம்பாத்தியத்தைத் தூய்மையாக்கி வைப்பானாக!