தங்கவயலின் வரலாற்றை எங்கே தேடுவது?

கோலார் தங்கவயல் மாணவரிடம் “நம் ஊர் வரலாறு” என்று செயல்திட்டம் கொடுத்தால், கைப்பேசியில் முதலில் தென்படுவதை அப்படியே எழுதி வருகிறார். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. யாவும் சரியே. ஆழத்தில் இறங்கிப் பாறையைக் குடைந்தவர் யார் என்பது மட்டும் அதில் இராது. அந்த வெற்றிடத்தை 2018இல் வந்த திரைப்படம் நிரப்பிவிட்டது. அதில் தங்கமே 1951இல்தான் கண்டெடுக்கப்படுகிறது!

ஒரே சான்றை நம்புவதில் உள்ள ஆபத்தை நுரையீரல் நோயை வைத்தே கற்பிக்கலாம். இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலாக 1947இல் தங்கவயலில் பதிவானது என்கின்றன மருத்துவப் பாடநூல்கள். அன்று பரிசோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கும் மேல் நோய் இருந்தது. ‘பதிவானது’ என்பதற்கும் ‘தோன்றியது’ என்பதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர் உணர வேண்டும். அதற்கு முந்தைய அறுபதாண்டுக் காலம் அந்தத் தூசியைச் சுவாசித்தவர்களை எந்த ஏட்டில் தேடுவது? வட ஆர்க்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த, பெரும்பாலும் தலித் குடும்பங்களின் நினைவில்தான் தேட வேண்டும், கல்லறைகளிலும் தேடலாம்.

1930 வேலைநிறுத்தமும் அத்தகையதே. கைரேகைப் பதிவு நிர்வாகத்தின் பார்வையில் ஆட்பதிவு ஒழுங்குமுறை. தொழிலாளிக்கோ அது தன்னைக் குற்றவாளிப் பட்டியலில் சேர்ப்பது. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்காதவருக்கு அவ்வளவு பெரிய கொந்தளிப்பின் காரணம் விளங்காது. இவ்வாறு பல தரப்புச் சான்றுகளை ஒப்பிட்டு எழுதுவது எப்படி என்பதற்கு, 1998இல் வெளியான ஜானகி நாயரின் ‘மைனர்ஸ் அண்ட் மில்ஹேண்ட்ஸ்’ நல்ல எடுத்துக்காட்டு.

1946 நவம்பர் 4இல் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிர்நீத்தனர். நாம் வெளியிடும் நினைவஞ்சலித் துண்டறிக்கையும் ஒரு தரப்பின் சான்றே. அதையும் அரசுக் குறிப்புடனும் அக்கால நாளேடுகளுடனும் மாணவர்கள் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். சில தோழர்களுக்கு இது உவப்பாக இராது. ஆனால், முதலாளியின் ஏட்டை மட்டும் ஐயுறக் கற்பிப்பது ஆராய்ச்சி ஆகாது.

மொழியும் ஒரு தடை. கம்பெனி ஏடுகள் ஆங்கிலத்தில், அரசு ஆவணங்கள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும், தொழிலாளியின் பேச்சு தமிழில். ஆங்கிலம் மட்டுமே படிக்கும் பேரப்பிள்ளைக்குத் தாத்தாவின் சங்க ரசீதுகூடப் புரியாது. ஆகவே மாணவர்களை மூவர் மூவராகச் சேர்த்து, மொழிக்கு ஒருவரைப் பொறுப்பாக்கலாம். சங்க அலுவலகங்களில் பூட்டிக்கிடக்கும் பழைய தாள்களை அவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். சுரங்கம் மூடியபோது நாற்பது வயதில் இருந்தவர்கள் இன்று அறுபதைக் கடந்துவிட்டார்கள். மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் உள்ள நம் ஆசிரியத் தோழர்கள் அவர்களிடம் மாணவர்களை இந்தக் கல்வியாண்டிலேயே அழைத்துச் செல்ல வேண்டும்.