வனப்பணிக்கான வாசல் பத்தாம் வகுப்பிலேயே

பிள்ளைகளின் உயர்கல்வி குறித்து வங்கிக் கிளைகளுக்கு வரும் பெற்றோர் பெரும்பாலும் பொறியியல், மருத்துவம், மேலாண்மை ஆகிய படிப்புகளுக்கே கடன் கேட்கின்றனர். வனவியல் படிப்பைப் பற்றி விசாரிப்போர் அரிது. பிள்ளைகளுக்கு அதில் ஆர்வம் இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அப்படியொரு தொழில் நடைபெறுவதை அவர்கள் நேரில் கண்டதில்லை என்பதே நம் கருத்து.

கொல்கத்தாவை அடுத்த ஹவுராவிலுள்ள சாந்த்ராகாச்சி ஏரியை எடுத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து செல்லும் கோரமண்டல் விரைவு வண்டி நிற்கும் சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தின் அருகிலேயே, தென்கிழக்கு ரயில்வேக்குச் சொந்தமான நிலத்தில் அந்நீர்நிலை அமைந்துள்ளது. குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகிகள் ஆயிரக்கணக்கில் அங்கே தங்குகின்றன. ஊசிவால் வாத்து போன்றவை வடக்கேயிருந்து வலசை வருகின்றன. கரையில் நிற்கும் மாணவரின் கண்ணில் முதலில் படுபவை இப்பறவைகளே.

பறவைகளுக்குப் பின்னால் ஒரு பணி இருக்கிறது. ஏரி முழுவதும் ஆகாயத்தாமரை படர்ந்துவிட்டால் பறவைகள் இறங்குவதற்குத் திறந்த நீர்ப்பரப்பு இராது. அதனை முற்றிலும் அகற்றிவிட்டாலோ அவை அமர்ந்து இளைப்பாற இடம் இராது. ஆகவே குளிர்காலத்திற்கு முன் செடிகளை அகற்றும்போது, ஆங்காங்கே திட்டுகளாகச் சிலவற்றை விட்டுவைக்கின்றனர். ஏரியில் கழிவுநீர் கலப்பது குறித்த வழக்கு தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. எதை அகற்றுவது, எவ்வளவு விட்டுவைப்பது, கழிவுநீரை எப்படித் தடுப்பது என்பவை கற்றுத் தேர்ந்து செய்யவேண்டிய பணிகள். இதனை விளக்கும் ஒருவர் உடனிருந்தால் ஏரிக்கரைப் பயணம் மாணவருக்கு ஒரு தொழிலை அறிமுகப்படுத்தும். இல்லையெனில் சுற்றுலாவாகவே முடியும்.

அந்த அறிமுகம் உரிய வயதில் கிடைக்கவேண்டும். அகில இந்தியப் பணிகள் மூன்றனுள் ஒன்றான இந்திய வனப்பணிக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், கணிதம் போன்ற குறிப்பிட்ட பாடங்களில் ஒன்றைக் கொண்ட பட்டமோ, வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டமோ வேண்டும். வணிகவியல் பட்டத்துடன் வங்கிப் பணிக்கு வந்த எங்களைப் போன்றோர் அத்தேர்வை எழுதவே இயலாது. மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியின் நான்காண்டுப் பட்டப்படிப்பிலும் மேல்நிலை வகுப்பில் அறிவியல் பயின்றோரே சேரமுடியும். எனவே பத்தாம் வகுப்பு முடிந்து பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே இவ்வாசல் திறக்கிறது அல்லது மூடுகிறது.

முகாமுக்குச் செல்லும் அனைவரும் வன அலுவலர் ஆகப்போவதில்லை. இந்திய வனப்பணியில் அண்மை ஆண்டுகளில் ஆண்டுக்குச் சுமார் 150 இடங்களே நிரப்பப்படுகின்றன. ஆயினும் மாநில வனத்துறை, ஆராய்ச்சி நிலையங்கள், நாற்றங்கால்கள், மரம்சார் தொழில்கள் எனப் பிற வழிகளும் உண்டு.

பெற்றோருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுவே. பள்ளியின் பசுமைப் படை, வேடந்தாங்கல் பயணம், வனத்துறையின் பறவைகள் கணக்கெடுப்பு போன்ற வாய்ப்புகளை எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளிலேயே பிள்ளைகளுக்கு அளியுங்கள். அழைத்துச் செல்வோரிடம், அங்கே பணியாற்றும் வனக்காப்பாளருடன் ஒரு மணி நேரம் உரையாட ஏற்பாடு உண்டா என்று கேளுங்கள். படிப்புக்கான செலவைக் கல்விக்கடன் ஏற்கக்கூடும். எதைப் படிப்பது என்ற விருப்பத்தை எந்தக் கடனாலும் அளிக்க இயலாது.